ஆழம் தெரியாமல் காலை விடாதே!
(வை-ஃபை பெட்டி மாட்டும் முன் செய்ய வேண்டிய கள ஆய்வு)



நம்ம ஊர்ப் பக்கம் போர் போடுவதற்கு முன் யாராவது நேராக மெஷினைக் கொண்டுவந்து நிறுத்துவார்களா? மாட்டார்கள். நீரோட்டம் பார்ப்பவரைக் கூட்டிவந்து, கையில் தேங்காயைக் கொடுத்து, காடு முழுக்க நடக்க வைப்பார்கள். தேங்காய் தண்ணீரைக் காட்டுமா என்பது வேறு விஷயம். அதைச் சொன்னால் பிசிக்ஸ் சார் என்னை வெளியே நிறுத்திவிடுவார்! ஆனால் காசைக் கொட்டும் முன்னாடி இடத்தை நடந்து பார்க்கணும் என்ற எண்ணம் சரிதானே?

வை-ஃபை விஷயத்தில் நாம் அதைச் செய்யவில்லை. அதனால் என்ன ஆனது, பிறகு எப்படிச் செய்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்த தவறு

முதல் வை-ஃபை பெட்டி நம் பள்ளிக்கு வந்த நாள் பலருக்கு ஞாபகம் இருக்கும். மாட்ட வந்த அண்ணன் ஒருவர் ஹெச்.எம். அறையில் பிளக் இருப்பதைப் பார்த்தார். அதற்கு மேலேயே ஆணி அடித்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிட்டது. ஹெச்.எம். அறையில் நெட் பறந்தது. எல்லோரும் கை தட்டினோம்.

கடந்த ஆண்டு பிளஸ் டூ தொழிற்கல்விப் பிரிவில் படித்த ஒரு அக்கா, நுழைவுத் தேர்வு ஒன்றுக்குக் கடைசி நாளில் விண்ணப்பம் போட உட்கார்ந்தார். அவர்கள் வகுப்பு, பின்னால் இருக்கும் தகர ஷீட் கட்டடம். அங்கே லேப்டாப்பில் ஒரு கோடு வரும், போகும். பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றுவிட்டது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஹெச்.எம். அறைக்கு ஓடினார். அது பூட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பார்த்தார். அதற்குள் சார்ஜ் தீர்ந்தது. அவங்க அப்பா வண்டியில் வந்து பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

அந்த அக்கா இப்போது வேறு படிப்பு படிக்கிறார். அன்றைக்கு நடந்ததைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். ஆனால் எனக்கு அது மனசில் தைத்துவிட்டது. பெட்டி இருந்தது, நெட் இருந்தது, பணமும் கட்டியிருந்தோம். இடம் மட்டும்தான் தப்பு!

இந்த ஆண்டு முன்னாள் மாணவர்கள் சேர்ந்து மூன்று புதிய பெட்டிகளுக்குப் பணம் கொடுத்தார்கள். கடைக்காரர் வந்து, "மூணையும் ஆபீஸ் வராண்டாவுலயே வரிசையா மாட்டிடலாங்க, வயர் மிச்சம்" என்றார். நம் கம்ப்யூட்டர் சார் சொன்னார்: "ரெண்டு வாரம் டைம் குடுங்க. பசங்க அளந்து சொல்லட்டும்."

பிசிக்ஸ் சார் துணையோடு நாங்கள் நான்கு பேர் களத்தில் இறங்கினோம்.

கள ஆய்வு என்றால் என்ன?

ஓர் இடத்தில் கம்பியில்லா இணைப்பு அமைக்கும் முன், அங்கே அலை எங்கே போகிறது, எங்கே நிற்கிறது, யாருக்குத் தேவை, மின்சாரமும் வயரும் எங்கே கிடைக்கும் என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுவதே கள ஆய்வு. ஆங்கிலத்தில் சைட் சர்வே என்பார்கள்.

நம் பத்ரகாளியம்மன் கோவில் மாசித் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவரைக் கவனித்திருக்கிறீர்களா? குழாய் ஸ்பீக்கரை ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஒருவரைப் பேசச் சொல்லி, இவர் தெருத் தெருவாக நடப்பார். எங்கே கேட்கவில்லையோ அந்தப் பக்கம் ஸ்பீக்கரைத் திருப்புவார். நாங்கள் செய்ததும் அதேதான். ஒரே வித்தியாசம், வை-ஃபை அலை காதுக்குக் கேட்காது. அதனால் போனில் அளந்தோம்.

படி 1: வரைபடம்

மேஸ்திரி ஒருவரிடம் நீள டேப் கடன் வாங்கி, பள்ளி முழுவதையும் அளந்து கிராஃப் தாளில் வரைந்தோம். 1 செ.மீ. என்றால் 2 மீட்டர். சுவர் எதனால் ஆனது என்பதையும் குறித்தோம். மெயின் பில்டிங் கான்கிரீட், பழைய கட்டடம் செங்கல் சுவரும் ஓடும், பின்னால் தகர ஷீட். தண்ணீர் டேங்க், இரும்பு பீரோ, கம்பி வலை போட்ட ஜன்னல் இவற்றையும் விடவில்லை. அலைக்கு எதிரிகள் இவைதான்!

படி 2: யாருக்கு, எங்கே, எப்போது?

இது அளவு எடுப்பதை விட முக்கியம் என்று கம்ப்யூட்டர் சார் சொன்னார். ஒவ்வோர் அறைக்கும் போய், எத்தனை பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள், வீடியோ பார்ப்பதா, படிவம் நிரப்புவதா என்று கேட்டு எழுதினோம். ஒரு பெட்டி எல்லோருக்கும் தனித்தனியாகப் பேசாது. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதனால் அலை நன்றாக எட்டும் அறையிலும் நாற்பது பேர் சேர்ந்து வீடியோ போட்டால் நெட் நொண்டும். எட்டுகிறதா என்பது ஒரு கேள்வி. போதுமா என்பது இன்னொரு கேள்வி.

படி 3: காற்றில் ஏற்கனவே யார் இருக்கிறார்கள்?

பெட்டியை எடுக்கும் முன்னால் சும்மா நின்று கேட்க வேண்டும். போனில் வை-ஃபை அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். தெருவோரக் கடைகள், பக்கத்து வீடுகள் என்று ஒன்பது வை-ஃபை பெயர்கள் வந்தன! அதில் ஆறு, சேனல் 6-ல் இருந்தன.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த யாருக்கும் லைசென்ஸ் தேவையில்லை என்று 2005-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எல்லோருக்கும் இலவசம் என்பதால் எல்லோரும் அங்கேதான் நிற்கிறார்கள். அதில் 13 சேனல்கள் உண்டு. அடுத்தடுத்த சேனலுக்கு இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் ஒரு பெட்டிக்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அதனால் 1, 6, 11 என்று தள்ளித் தள்ளி வைத்தால் மூன்று பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று விழாமல் நிற்கலாம். கடைக்காரர் சொன்னபடி மூன்றையும் ஒரே வராண்டாவில் மாட்டி ஒரே சேனலில் விட்டிருந்தால், ஒன்று பேச மற்ற இரண்டும் வாயை மூடிக் காத்திருக்கும். மூன்று பெட்டிக் காசுக்கு ஒரு பெட்டி வேலை!

5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு வரிசையும் உண்டு. கூட்டம் குறைவு, வேகம் அதிகம். ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது சோம்பேறி. ஒரே அறைக்குள் 5 நல்லது, சுவர் தாண்ட 2.4 நல்லது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: குச்சியில் பெட்டி, கையில் போன்

இதுதான் ஜாலியான பகுதி. ஒரு பெட்டியை நீளமான ஒட்டடைக் கம்பு நுனியில் கட்டி, யு.பி.எஸ்.ஸில் இணைத்து, மாட்ட நினைக்கும் உயரத்தில் ஒருவன் பிடித்துக்கொள்வான். மற்ற மூவரும் பத்து அடிக்கு ஒருமுறை நின்று அளப்போம். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை அளந்து சராசரி எழுதினோம். சத்துணவு அக்கா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, மாங்கா பறிக்கறீங்களா?" என்று கேட்டார்.

போனில் வரும் எண் மைனஸில் இருக்கும். அலகு டி.பி.எம். பயப்பட வேண்டாம். பூஜ்யம் என்றால் ஒரு மில்லிவாட். அதிலிருந்து ஒவ்வொரு 10 குறையும்போதும் சக்தி பத்தில் ஒரு பங்காகும். 3 குறைந்தால் பாதி. அப்படியென்றால் மைனஸ் 90 என்பது ஒரு மில்லிவாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு! அந்தத் துளியைக்கூடப் போன் கேட்கிறது என்பதே அதிசயம்தான்.

எங்கள் கணக்கு இது:
மைனஸ் 50 வரை: மிக நன்று
மைனஸ் 67 வரை: வீடியோவில் பேசலாம்
மைனஸ் 70 முதல் 80 வரை: படிவம் திறக்கும், பொறுமை வேண்டும்
மைனஸ் 80-க்குக் கீழே: கோடு தெரியும், வேலை நடக்காது

பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் வரைபடத்தில் புள்ளி வைத்தோம். அந்தப் படத்தைத்தான் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம், பாருங்கள்.

எங்களை ஆச்சரியப்படுத்தியவை

ஒன்று: செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டினால் 8 குறைந்தது. கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போனால் 18 குறைந்தது. கெமிஸ்ட்ரி லேபில் வரிசையாக நிற்கும் இரும்பு பீரோக்களுக்குப் பின்னால் 14 குறைந்தது. பீரோவை நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்!

இரண்டு: பெட்டியின் சக்தியைக் கூட்டினால் போதுமே என்று நான் கேட்டேன். சார் சொன்னார்: "உனக்கும் உங்க தாத்தாவுக்கும் நடுவுல ஒரு காடு. நீ மைக்ல கத்தினா அவருக்குக் கேக்கும். அவர் பதில் சொன்னா உனக்குக் கேக்குமா?" போனின் குரல் சின்னது. பெட்டி கத்துவது போனுக்குக் கேட்டாலும், போன் பேசுவது பெட்டிக்குக் கேட்க வேண்டுமே. முழுக் கோடு இருந்தும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்று: முதல் அளவை ஒரு சனிக்கிழமை, யாரும் இல்லாதபோது எடுத்தோம். ஒன்பதாம் வகுப்பு அறையில் மைனஸ் 62 வந்தது. சந்தோஷப்பட்டோம். புதன்கிழமை ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது அதே இடத்தில் மைனஸ் 68! நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். ஐம்பது பேர் என்றால் ஐம்பது தண்ணீர்க் குடம் அல்லவா? பள்ளியை அளப்பதென்றால் பிள்ளைகள் இருக்கும்போது அளக்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்தது.

நான்கு: இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் படியில் நாங்கள் எழுதிய பட்டியலில் 19 அறைகள் இருந்தன. பிசிக்ஸ் சார் அதைப் பார்த்துவிட்டு, "ஷீட் பில்டிங் எங்கடா?" என்று கேட்டார். நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்த அக்கா உட்கார்ந்திருந்த அறையையே மறந்துவிட்டோம்! அங்கே கம்ப்யூட்டர் இல்லை, அதனால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எங்களை அறியாமலே நினைத்திருக்கிறோம். ஓடிப் போய் அளந்தோம். மைனஸ் 88. தகரமும் கம்பி வலையும் சேர்ந்து அந்த அறையை ஒரு இரும்புப் பெட்டியாகவே ஆக்கியிருந்தன. எதை அளக்கணும் என்று முடிவு செய்வதிலேயே தப்பு நடந்துவிட்டால், போன் எவ்வளவு சரியாகக் காட்டி என்ன பயன்?

படி 5: வயரும் கரண்டும்

கம்பியில்லா இணைப்பு என்று பேர்தான். பெட்டி வரைக்கும் கம்பி போய்த்தான் ஆக வேண்டும். அந்த நெட்வொர்க் கேபிள் 100 மீட்டருக்கு மேல் ஒரே துண்டாகப் போகக் கூடாது. வளைந்து நெளிந்து போகும் வழியை அளந்து பார்த்தால், நேர்க்கோட்டில் 60 மீட்டர் இருக்கும் இடம் 85 ஆகிவிட்டது. அணில் கடிக்கும் இடம், மழைத் தண்ணீர் வழியும் இடம் எல்லாம் குறித்தோம். மல்டிமீட்டரால் பிளக்கில் வோல்டேஜ் பார்த்தோம். பழைய கட்டடத்தில் சாயங்காலம் 180 வரை இறங்கியது. அங்கே ஸ்டெபிலைசர் தேவை என்று எழுதினோம்.

தேனியில் நடந்த கதை

"சார், ஒரு பள்ளிக்கூடத்துக்கே இவ்வளவு வேலையா?" என்று சலித்துக்கொண்டபோது, கம்ப்யூட்டர் சார் தேனியில் நடந்ததைச் சொன்னார்.

2000-களின் நடுவில், தேனி அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். சுற்றியுள்ள ஊர்களில் சிறிய கண் மையங்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். டாக்டர் தேனியில் இருந்தபடியே வீடியோவில் நோயாளியோடு பேசுவார். இதற்கு இணைப்பு? நம் வீட்டில் இருக்கும் அதே வகை வை-ஃபைதான்! குறிபார்த்து வைக்கும் ஆன்டெனாவும், தூரத்துக்கு ஏற்றபடி மாற்றிய மென்பொருளும் சேர்த்து, 15 கிலோமீட்டர் வரை கொண்டுபோனார்கள்.

அவ்வளவு தூரத்துக்குக் கள ஆய்வு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் விதி, ஓர் ஆன்டெனாவிலிருந்து மற்றதைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது. அலை நூல் பிடித்த மாதிரி போகாது. நடுவில் பருத்து, இரு முனையிலும் மெலிந்து, வெள்ளரிக்காய் வடிவில் போகும். இதற்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். பிசிக்ஸ் சார் போர்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். 2.4 கிகாஹெர்ட்ஸில் 15 கிலோமீட்டர் என்றால் அந்த வெள்ளரிக்காயின் நடு ஆரம் சுமார் 22 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது 13 மீட்டராவது, தடையில்லாமல் இருக்க வேண்டும். பூமி உருண்டை என்பதால் நடுவில் 3 மீட்டர் மேடு வேறு! அதற்கும் மேலே தென்னை மரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தென்னை வளரும் என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால்தான் அங்கே பல இடங்களில் 24 மீட்டர் முதல் 42 மீட்டர் வரை உயரமான கோபுரங்கள் தேவைப்பட்டன. கோபுரம் கட்டச் செலவு அதிகம். ஆகவே ஏற்கனவே உயரமாக என்ன இருக்கிறது என்றும் தேடினார்கள். ஒரு ஜவுளி ஆலை வளாகத்தில் இருந்த மின்நிலையப் புகைபோக்கி கிடைத்தது. அதன் மேலேயே ஒரு கருவியை வைத்துவிட்டார்கள்! மேப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தால் அந்தப் புகைபோக்கி பயன்படும் என்று தோன்றுமா?

இன்னொன்றும் சார் சொன்னார். அங்கே தொல்லை கொடுத்தது அலை மட்டும் இல்லை, கரண்டும்தான். வோல்டேஜ் ஏறி இறங்கிக் கருவிகள் கெட்டுப்போயின. நாங்கள் மல்டிமீட்டரோடு அலைந்தது வீண் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

உங்களுக்குத் தெரியுமா?
2007-ல் வெனிசுலா நாட்டில் எர்மன்னோ பியத்ரோசெமோலி என்ற பேராசிரியரின் குழு, மலை உச்சியிலிருந்து 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வை-ஃபை இணைப்புக் கொடுத்துச் சாதனை செய்தது. சேலத்திலிருந்து சென்னையைத் தாண்டியும் போகும் தூரம்! நமக்கோ ஹெச்.எம். அறையிலிருந்து ஷீட் கட்டடம் வரை, 60 மீட்டர் எட்டவில்லை. தடையில்லாத வழி கிடைத்தால் அலை வெகு தூரம் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

முடிவு என்ன ஆனது?

எங்கள் அறிக்கை இரண்டு பக்கம். ஒரு பெட்டி மெயின் பில்டிங் மாடி வராண்டா நடுவில், சேனல் 1. ஒன்று லேபுக்குள், சேனல் 11. மூன்றாவது, பழைய கட்டடத்தின் பின் சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே, ஷீட் கட்டடத்தின் வாசலைப் பார்த்தபடி. சேனல் 6-ல் தெருவோரக் கூட்டம் இருந்தாலும், பின்பக்கம் வரை அது எட்டவில்லை என்று அளந்து பார்த்துத்தான் அதைக் கொடுத்தோம்.

கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். வயர் 70 மீட்டர் கூடுதல். பிறகு வண்ணப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு ஜெராக்ஸ் எனக்குக் குடுங்க தம்பி" என்று வாங்கிக்கொண்டார்.

மாட்டிய பிறகும் வேலை முடியவில்லை. மறுபடி நடந்தோம். மாட்டியபின் அளப்பதும் கள ஆய்வில் சேர்ந்ததுதான். மாடி வகுப்புகள் மைனஸ் 58. லேப் மைனஸ் 49. ஷீட் கட்டடம், கதவு திறந்திருந்தால் மைனஸ் 66, மூடியிருந்தால் 73. பழைய பெட்டியைக் கழற்றிவிட்டதால் ஹெச்.எம். அறை மைனஸ் 71-க்கு இறங்கிவிட்டது! பயந்துகொண்டே போய்ச் சொன்னோம். "என் டேபிளுக்குத்தான் வயர் இருக்கேப்பா. பசங்களுக்கு வருதா, அதைச் சொல்லு" என்றார்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். இன்னொன்றில் அளக்கும் செயலியைத் திறங்கள். ஐந்து அடி தள்ளி நின்று எண்ணைக் குறியுங்கள். நடுவில் தம்பியை நிறுத்துங்கள். பிறகு பீரோவுக்குப் பின்னால் போங்கள். பிறகு குளியலறைக் கதவை மூடுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு தின்கிறது என்று நீங்களே பட்டியல் போடலாம். அம்மாவின் போனை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுக்கவும்!

நண்பர்களே, இந்த மூன்று வரியை மட்டும் நினைவில் வையுங்கள்:
1. ஆணி அடிக்கும் முன் நட.
2. ஆள் இருக்கும்போது அள.
3. பட்டியலில் யார் விட்டுப்போனார்கள் என்று இன்னொருவரைக் கேள்.

இந்தத் தாளுக்குக் கீழே நூலில் ஒரு நோட்டுக் கட்டியிருக்கிறோம். உங்கள் வகுப்பில் எங்காவது நெட் வரவில்லை என்றால் அறை, பெஞ்ச், நேரம் மூன்றையும் எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை போனோடு வருகிறோம். ஷீட் கட்டடத்துத் தம்பி தங்கைகள் அவசியம் எழுதவும். கதவை மூடினால் 73 என்பது எங்களுக்கு இன்னும் திருப்தியாக இல்லை.



- பிளஸ் ஒன் அறிவியல் பிரிவு மாணவன்